உழவின் நடுவே நின்ற டிராக்டர்: கோளாறு டீசல் டேங்க் மூடியில்

காரைக்குடியை அடுத்த எங்கள் ஊரில், நேரடி நெல் விதைப்புக்கான புழுதி உழவின்போது, எனது 45 குதிரைத்திறன் டிராக்டர் ரோட்டாவேட்டருடன் (மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை) சிறிது நேரம் நன்றாக ஓடும். பிறகு இழுவை குறைந்து, திணறி நின்றுவிடும். ஓய்வு கொடுத்தால் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். மெக்கானிக் டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்றார். அது பெருஞ்செலவு என்பதால், செலவில்லாதவற்றை முதலில் பார்த்துவிட நினைத்தேன்.

அடுத்த முறை திணறத் தொடங்கியதும், வண்டியை நிறுத்தி, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையிலேயே டேங்க் மூடியைத் தளர்த்தினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது, எஞ்சினும் சீரானது. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்றை உள்ளே விடவேண்டிய மூடியின் சிறு துளையைச் செம்மண் தூசியும் டீசல் பிசுக்கும் சேர்ந்து அடைத்திருந்ததால், டேங்கினுள் வெற்றிடம் உருவாகி, டேங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் ஃபீட் பம்ப் எவ்வளவு இழுத்தும் போதிய டீசல் வரவில்லை. ஓய்வின்போது காற்று மெல்லக் கசிந்து புகுந்ததே மீண்டும் ஓடியதற்குக் காரணம்.

மூடியை டீசலில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்குவது நல்லதன்று, தூசி உள்ளே இறங்கும். கூடவே டீசல் ஃபில்டர்களையும் மாற்றியதால், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, ஃபில்டர் மேலுள்ள போல்ட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்கினேன். போல்ட்டின் அடியில் வரும் பழைய செம்பு வாஷரை மறுபடி போட்டால் அங்கேயே காற்று புகக்கூடும். புதியதன் விலை அற்பம். இப்போது ஏர் ஃபில்டரைத் துடைக்கும்போதெல்லாம் மூடியையும் துடைத்துவிடுகிறேன்.