மூலிகைச் சாரம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் தணிக்கிறதா: ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

சுண்டெலிகளைக் கொண்டு பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் செய்யப்படும் சோதனைகளில் பெரும்பாலானவை, விலங்கு எங்கே எவ்வளவு நேரம் இருந்தது, எப்போது அசைந்தது, எப்போது அசையாதிருந்தது என்பவற்றையே அளக்கின்றன. ஆகவே தூக்கத்தைத் தூண்டும் சாரமும், உடலை முடுக்கிவிடும் சாரமும் ஆய்வாளரை எளிதில் ஏமாற்றிவிடும். சோதனையைத் திட்டமிடும்போதே இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் தாவரம். வகைப்பாட்டியல் அறிஞர் ஒருவரிடம் அடையாளத்தை உறுதிசெய்து, உலர்மாதிரி ஒன்றை எண்ணிட்டு உலர்தாவரக் காப்பகத்தில் சேர்த்து, பயன்படுத்திய உறுப்பையும் பறித்த பருவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நிழலில் உலர்த்திப் பொடித்ததை 70% எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில், அதிகச் சூடில்லாமல் வற்றச் செய்வது பரவலான முறை; ஆனால் மரபில் கஷாயமாக மட்டுமே வழங்கும் மூலிகையை, நீரோடு கலக்காத ஹெக்சேன் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்துச் சோதித்தால், அந்த முடிவு மரபு வழக்கைப் பற்றி எதுவும் சொல்லாது. கிடைத்த சாரத்தின் விழுக்காட்டையும், அதில் உள்ள அடையாளச் சேர்மங்களின் அளவையும் (அமுக்கராவில் வித்தனோலைடுகள், நீர்ப்பிரமியில் பாக்கோசைடுகள்) சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. (உயர்திறன் நீர்ம நிறப்பகுப்பு) மூலம் கண்டறிந்து பதியுங்கள். இது இல்லாவிட்டால், அடுத்த முறை தயாரிக்கும் சாரம் அதே சாரம்தானா என்பது யாருக்கும் தெரியாது.

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே விலங்குகளைத் தொட வேண்டும். கடும் நச்சுத்தன்மையை ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 423-ஆம் எண் வழிகாட்டுதலின்படி சோதித்து, 14 நாள் கண்காணியுங்கள். திறன் சோதனைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100, 200, 400 மி.கி. என மூன்று அளவுகள் எடுப்பது பலரின் வழக்கம். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது: உடல் மேற்பரப்பின் அடிப்படையில் சுண்டெலியின் அளவை ஏறத்தாழ 12.3-ஆல் வகுத்தால் மனிதருக்கு நிகரான அளவு கிடைக்கும், 400 மி.கி. என்பது 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 2 கிராம் சாரம். அதற்கும் மேலே போனால்தான் பலன் தெரிகிறது என்றால், அந்தச் சாரத்தை மருந்தாக எண்ணுவது கடினம்.

சாரத்தைக் கரைக்கும் ஊடகம் மட்டும் பெறும் குழு, மூன்று அளவுக் குழுக்கள், அறியப்பட்ட மருந்து பெறும் குழு என ஐந்து குழுக்களாவது வேண்டும். விலங்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, மருந்து கொடுப்பவரும் நடத்தையைக் கணிப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூலிகைச் சாரத்தின் கரும்பழுப்பு நிறமே குழுவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மற்ற சோதனைகளுக்கு முன் திறந்தவெளிக் களத்தில் பொது அசைவையும், சுழலும் தண்டில் தசை ஒருங்கிணைவையும் அளந்துவிடுங்கள். அதே அளவுச் சாரம் அசைவை மாற்றவில்லை என்று தெரிந்தால்தான் பின்வரும் எண்களுக்குப் பொருள் உண்டு. பதற்றத்துக்கு, சுவருள்ள இரு கைகளும் சுவரில்லாத இரு கைகளும் கொண்ட உயர்த்திய கூட்டல்குறிப் புதிர்வழி இன்றும் முதன்மையானது. விலங்கை நடுவில் விட்டு 5 நிமிடம் பதிவுசெய்து, திறந்த கைகளில் கழித்த நேரத்தையும் நுழைந்த முறைகளின் விழுக்காட்டையும் கணக்கிடுங்கள். பதற்றம் தணிக்கும் அறியப்பட்ட மருந்தான டயாசிபாம் பெற்ற குழுவில் இவை உயராவிட்டால், சாரத்தைக் குறை சொல்லாமல் அறையின் ஒளி, இரைச்சல், விலங்குகளைக் கையாண்ட விதம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். ஒரே விலங்கை மறுபடி புதிர்வழியில் விடாதீர்கள்; முதல் அனுபவமே இரண்டாம் முடிவை மாற்றிவிடும்.

மனச்சோர்வுக்கு, 1977-இல் போர்சால்ட்டும் உடனாய்வாளர்களும் அறிமுகப்படுத்திய கட்டாய நீச்சல் சோதனையில், சுண்டெலியை 23–25 பாகை செல்சியஸ் நீரில் 6 நிமிடம் விட்டு, கடைசி 4 நிமிடங்களில் அசையாதிருந்த நேரத்தை அளப்பர். அசையாமை நம்பிக்கையிழப்பு அன்று, ஆற்றலைச் சேமிக்கும் தந்திரம் என்ற விமர்சனம் வலுவானது. எனவே இதை மருந்துத்திறனைச் சலித்தெடுக்கும் சல்லடையாக மட்டும் கொள்வதே என் கருத்து. வாலால் தொங்கவிட்டு அசையாதிருக்கும் நேரத்தை அளக்கும் வால் தொங்கல் சோதனையில், சி57பிஎல்/6 என்ற ஆய்வக இனச் சுண்டெலிகள் தம் வாலையே பற்றி ஏறிவிடுவதால் அந்த இனத்தைத் தவிர்க்கலாம். உண்மையான மனச்சோர்வு மருந்துகளின் முழுப்பலன் தெரிய வாரங்கள் ஆவதால், ஒற்றை வேளைச் சாரத்தோடு நிறுத்தாமல், நாள்பட்ட மென்னழுத்தம் கொடுத்த விலங்குகளுக்குச் சில வாரங்கள் சாரம் ஊட்டி, அழுத்தத்தால் குறைந்த சர்க்கரைக் கரைசல் விருப்பம் மீள்கிறதா என்று பார்ப்பது கூடுதல் நம்பகமானது.

செயல்முறையை அறிய, தடுப்பு மருந்துகளை முன்கூட்டியே கொடுத்துப் பாருங்கள். டயாசிபாம் வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் புளூமாசெனில் கொடுத்ததும் பதற்றத் தணிப்பு மறைந்தால் சாரம், அம்மருந்துகள் மூளையில் சென்று சேரும் பென்சோடயசிபைன் பிணைவிடத்தின் வழியாகச் செயல்படுவதாகக் கருத இடமுண்டு. மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனினின் உற்பத்தியைத் தடுக்கும் பி.சி.பி.ஏ. என்ற சேர்மத்தால் நீச்சல் சோதனைப் பலன் மறைந்தால் செரட்டோனின் பாதையைச் சந்தேகிக்கலாம்.

மனிதச் சோதனைக்கு முன், பிற மருந்துகளோடு ஏற்படும் மோதலைக் கல்லீரல் நொதிகளில் ஆராய்வது கட்டாயம். மனச்சோர்வுக்கு வழங்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியைத் தூண்டி, சைக்ளோஸ்போரின் (நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து), கருத்தடை மாத்திரை முதலியவற்றின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடுகிறது. மனிதரில் பதற்றத்தையும் மனச்சோர்வையும் மதிப்பெண்ணால் அளக்கும் ஹாமில்டன் அளவுகோல்களைப் பயன்படுத்தும்போது, போலி மருந்துக்கே கணிசமானோர் நலமடைவதால், போலிக் குளிகையின் நிறமும் மணமும் சாரத்தினுடையவற்றோடு ஒத்திருக்க வேண்டும். சோதனை முடிவில், தாம் எதைப் பெற்றதாக நினைக்கிறார்கள் என்று பங்கேற்றோரிடம் கேட்டு, அந்த விடைகளையும் முடிவுகளோடு சேர்த்து வெளியிடுங்கள்.