வீடு புகுந்து சாவியை எடுத்து, காரையும் ஓட்டிச் சென்றுவிட்டால் என்ன செய்வது?

முன்பெல்லாம் கார் திருட வருகிறவன் காரைத்தான் உடைப்பான். கண்ணாடியை நொறுக்கி உள்ளே ஏறி, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒயரைப் பிடுங்கி இணைத்து வண்டியைக் கிளப்பிவிடுவான். இம்மொபிலைசர் வந்தபிறகு அந்த வேலை எளிதாக நடப்பதில்லை. சாவிக்குள் இருக்கும் சின்னச் சிப்பை வண்டியின் கணினி அடையாளம் கண்டுகொண்டால்தான் எஞ்சின் ஓடும். ஐரோப்பாவில் 1998 முதலும் கனடாவில் 2007 முதலும் புதிய கார்களில் இது கட்டாயம். காரை உடைத்துப் பயனில்லை என்றானதும், சாவியைத் தேடி வீட்டுக்குள்ளேயே வர ஆரம்பித்தார்கள்.

இப்படி நடந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். நடந்திருப்பது இரண்டு குற்றங்கள்: வீடு உடைபட்டிருக்கிறது, கார் களவு போயிருக்கிறது. பதற்றத்தில் எல்லாரும் காரைப் பற்றியே பேசுவார்கள், வீட்டை மறந்துவிடுவார்கள். பின்னால் புகாரிலும் இன்சூரன்ஸிலும் வரும் பல சிக்கல்களுக்கு அதுதான் காரணம். கீழே சொல்லியிருப்பதை முடிந்தவரை இதே வரிசையில் செய்யுங்கள்.

படி 1: முதலில் ஆட்கள்

சத்தம் கேட்டு விழித்துக்கொண்டீர்கள், ஆள் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறான் என்றால், கீழே இறங்கிப் போகாதீர்கள். எல்லாரும் ஒரே அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அவசர எண்ணுக்கு அழையுங்கள். நேருக்கு நேர் நின்று சாவியைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். வண்டி கிளம்பும்போது ஓடிப்போய் முன்னால் நிற்பதோ, கதவைப் பிடித்துத் தொங்குவதோ கூடவே கூடாது. அவனுக்கு அந்த நேரத்தில் தப்பிப்பது மட்டும்தான் குறி, பிரேக் போட மாட்டான்.

வெளியூரிலிருந்து வந்து கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தாலும் இதே கதைதான். உள்ளே போகாமல் வெளியில் நின்றே அழையுங்கள்.

படி 2: போலீஸுக்கு அழைப்பு

"வீட்டை உடைத்துச் சாவியை எடுத்து, காரையும் கொண்டுபோய்விட்டார்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்து அவர்கள் கேட்பது: பதிவு எண், நிறம், மாடல், கடைசியாகக் காரைப் பார்த்த நேரம், சேஸிஸ் எண்.

சேஸிஸ் எண்ணில் கொஞ்சம் நிற்போம். காரின் உடற்சட்டத்திலேயே பொறித்திருக்கும் தனி எண் அது. நம்பர் பிளேட்டைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். இந்த எண்ணை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. அதனால் காரை உங்களுடையது என்று நிரூபிப்பது இதுதான். மொத்தம் 17 இலக்கங்களும் எழுத்துகளும். பதிவுச் சான்றிதழிலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் இருக்கும். சான்றிதழ் காருக்குள்ளேயே இருந்து அதுவும் போய்விட்டதா? பாலிசியின் பிடிஎஃப் உங்கள் மின்னஞ்சலில் இருக்கும், அதில் பாருங்கள். போனில் படித்துச் சொல்லும்போது ஒரு உதவி: இந்த எண்ணில் ஆங்கில ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளும் வராது. ஓ மாதிரி தெரிவது பூஜ்யம், ஐ மாதிரி தெரிவது ஒன்று. தயங்காமல் அப்படியே சொல்லுங்கள்.

காரில் உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். பின் பம்பரில் கீறல், ஒரு சக்கரத்தில் மட்டும் மூடி இல்லாதது, கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்த தடம். வேறு எண் மாட்டி ஓடும் காரை அடையாளம் காண இவைதான் உதவும்.

படி 3: கார் இருக்கும் இடம் தெரிந்தால்

புதிய கார்களில் கம்பெனி ஆப் இருக்கும், சிலர் தனியாக ஜிபிஎஸ் கருவியும் பொருத்தியிருப்பார்கள். ஆப்பைத் திறந்து இருப்பிடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நேரத்துடன் போலீஸுக்குக் கொடுங்கள். ஆப்பின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆனால் கோபத்தில் கணக்கிலிருந்து காரை நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் இருப்பிடம் காட்டுவதும் நின்றுவிடும். சில கம்பெனிகள் போலீஸ் கேட்டுக்கொண்டால் எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாதபடி தடுத்துவைக்கும். அவர்களின் உதவி எண்ணுக்கும் உடனே அழையுங்கள்.

காரில் ஏர்டேக் மாதிரி, இருப்பிடத்தைப் போனில் காட்டும் சின்னக் கருவியை ஒளித்து வைத்திருந்தால் உடனே பாருங்கள், தாமதிக்க வேண்டாம். அறிமுகமில்லாத கருவி ஒன்று கூடவே வருகிறது என்று ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுமே எச்சரிக்கை காட்டும். திருடனின் போனும் அவனுக்குச் சொல்லிவிடும்.

இருப்பிடம் தெரிகிறதே என்று நீங்களே தேடிப் போகாதீர்கள். கார் தெருவோரமாகத் தனியாக நிற்கிற மாதிரி இருக்கும். திருடியவர்கள் காரில் டிராக்கர் இருக்கிறதா என்று பார்க்க, சில நாள் எங்காவது நிறுத்திவிட்டுத் தூரத்திலிருந்து கவனிப்பதுண்டு.

படி 4: எதையும் தொடாதீர்கள்

போலீஸ் வந்து பார்க்கும்வரை உடைபட்ட கதவு, ஜன்னல், கலைந்த இழுப்பறை எதையும் ஒழுங்குபடுத்த வேண்டாம். கூட்டிப் பெருக்க வேண்டாம். கண்ணாடிச் சில்லுகூட அங்கேயே கிடக்கட்டும், ரேகை இருக்கலாம். குழந்தைகள் இருந்தால் அந்த அறைக்குள் விடாதீர்கள். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று எனப் படம் எடுங்கள். கார் நின்ற இடத்தையும் படம் எடுத்துவிடுங்கள்.

அக்கம்பக்கத்தில் கேமரா வைத்திருப்பவர்களிடம் அன்றைக்கே கேளுங்கள். பெரும்பாலான கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துகொண்டு போகும்.

படி 5: என்னென்ன சாவிகள் போயின?

பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். ஒரு தாளை எடுத்து, போன வளையத்தில் என்னென்ன தொங்கியது என்று எழுதுங்கள். வீட்டு முன்கதவு, கேட், அலுவலகம், பெற்றோர் வீடு, இரண்டாவது வண்டி. காருக்குள் கராஜ் ரிமோட் இருந்ததா? வீட்டு முகவரி உள்ள காகிதம் ஏதாவது இருந்ததா? வழிகாட்டும் திரையில் "வீடு" என்று சேமித்திருந்தீர்களா? இருந்தால், வீடு எது என்பதும் அவர்களுக்குத் தெரியும், சாவியும் அவர்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுப் பூட்டை அன்றைக்கே மாற்றுங்கள். நாளை, ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போடாதீர்கள். கதவில் முழுப் பூட்டையும் கழற்ற வேண்டியதில்லை, பெரும்பாலும் சாவி நுழையும் உருளையை மட்டும் மாற்றினால் போதும். கராஜ் கதவின் மோட்டாரில் பழைய ரிமோட்டுகளை அழிக்க ஒரு பொத்தான் இருக்கும், அதையும் செய்துவிடுங்கள்.

கார் அங்கேயே நிற்கிறது, சாவி மட்டும் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிம்மதியடைய இதில் ஒன்றும் இல்லை. இன்னொரு இரவு நிதானமாக வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போயிருப்பார்கள். மாற்றுச் சாவியால் வண்டியை வேறு பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள், அல்லது ஸ்டீயரிங் பூட்டு போடுங்கள். அப்புறம் சர்வீஸ் சென்டரிலோ கார் சாவி செய்பவரிடமோ காட்டி, தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். போகும்போது மிச்சமிருக்கும் எல்லாச் சாவியையும் எடுத்துப் போங்கள், பல வண்டிகளில் பழைய பதிவு முழுவதையும் அழித்துவிட்டுக் கையில் இருப்பதை மட்டும் மறுபடி சேர்ப்பார்கள். நீக்கிய சாவியால் எஞ்சின் ஓடாது. ஆனால் அதன் இரும்பு முனை கதவைத் திறக்கும். வண்டிக்குள் பொருள் வைக்கும் பழக்கம் இருந்தால் கதவுப் பூட்டையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி.

படி 6: புகாரை எழுதுவது

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் வரிக்கு வரி படிப்பது இந்தக் காகிதத்தைத்தான்.

"இரவு வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் காரைக் காணவில்லை" என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? கிளெய்ம் கேட்கும்போது காரின் எல்லாச் சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். உங்களிடம் ஒன்றுதான் இருக்கும். இன்னொன்றை வண்டியிலேயே விட்டுவிட்டீர்களா என்ற கேள்வி வரும். சாவியை வண்டியில் விட்டுப் போனதால் நடந்த திருட்டுக்குப் பணம் தர மறுக்கும் பாலிசிகள் உண்டு.

இப்படி எழுதிப் பாருங்கள்: "இரவு 11 மணிக்கு எல்லாக் கதவுகளையும் பூட்டிவிட்டுப் படுத்தோம். காலை 5.30 மணிக்கு எழுந்தபோது பின்கதவின் தாழ்ப்பாள் நெம்பப்பட்டு, கதவு திறந்து கிடந்தது. ஹால் மேஜை இழுப்பறையில் இருந்த கார் சாவியும், அதே வளையத்தில் இருந்த வீட்டுச் சாவியும் இல்லை. வெளியே பூட்டி நிறுத்தியிருந்த காரும் இல்லை. காரின் இரண்டாவது சாவி என்னிடம் இருக்கிறது."

எப்படி நுழைந்தார்கள், எந்தச் சாவி, எங்கிருந்து போனது, கார் பூட்டியிருந்ததா, மிச்சச் சாவி எங்கே என்ற ஐந்துக்கும் இதில் பதில் இருக்கிறது. தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். நேரம் சரியாகத் தெரியாவிட்டால் "11 மணிக்கும் 5.30 மணிக்கும் இடையில்" என்றே எழுதுங்கள். காருக்குள் இருந்த பொருட்களைத் தனிப் பட்டியலாகக் கொடுங்கள். புகாரின் நகலும் புகார் எண்ணும் கையில் வாங்காமல் வராதீர்கள்.

படி 7: இன்சூரன்ஸ், கடன், பதிவு அலுவலகம்

இன்சூரன்ஸுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள், தாமதமே மறுக்க ஒரு காரணமாகிவிடும். மூன்றாம் நபர் இழப்புக்கு மட்டுமான பாலிசியில் கார் திருட்டுக்குப் பணம் வராது, முழுமையான பாலிசி வேண்டும். வீட்டுக்குத் தனி இன்சூரன்ஸ் இருந்தால் அங்கேயும் கிளெய்ம் கொடுங்கள். உடைந்த கதவு, மாற்றிய பூட்டு, சில பாலிசிகளில் காருக்குள் இருந்த லேப்டாப்கூட அதில்தான் வரும். பூட்டு மாற்றிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கார் கடனில் இருந்தால் கடன் கொடுத்தவருக்கும் தெரிவியுங்கள். கார் இல்லையே என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள், இன்சூரன்ஸ் பணம் வந்து கணக்கு முடியும்வரை கட்டித்தான் ஆக வேண்டும். வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். சுங்கச் சாவடிக் கணக்கு இருந்தால் முடக்கிவிடுங்கள். முடக்கும் முன் எந்தச் சாவடியில் எப்போது பணம் கழிந்தது என்று பார்த்து, அதைப் போலீஸிடம் சொல்லுங்கள். கார் எந்தத் திசையில் போனது என்பது அதில் தெரியலாம்.

சமூக வலைத்தளத்தில் காரின் படத்தைப் போடுவது நல்லதுதான். உங்கள் சொந்தப் போன் எண்ணைப் போடாமல் புகார் எண்ணையும் காவல் நிலையத்தையும் போடுங்கள். "உங்கள் கார் எங்களிடம் இருக்கிறது, இவ்வளவு அனுப்புங்கள்" என்று யாராவது அழைத்தால் பணம் அனுப்பாமல் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

படி 8: கார் திரும்பக் கிடைத்தால்

உடனே ஏறி ஓட்டிவராதீர்கள். போலீஸ் சோதனை முடியட்டும். உள்ளே கையை விடும்போது கவனம், ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி கிடக்கலாம். மெக்கானிக் ஒருவர் பிரேக், டயர், ஸ்டீயரிங் பார்த்தபிறகே சாலையில் எடுங்கள். இன்சூரன்ஸ் பணம் ஏற்கெனவே வந்திருந்தால் கார் இப்போது அந்தக் கம்பெனிக்குச் சொந்தம், அவர்களிடம்தான் பேச வேண்டும்.

கார் வந்துவிட்டது, போன சாவி வரவில்லையே? படி 5-இல் சொன்ன சாவி நீக்கும் வேலையை இப்போது செய்தே ஆக வேண்டும். இடைப்பட்ட நாட்களில் வந்த அபராதங்களுக்குப் புகார் நகலை இணைத்து ஆட்சேபம் எழுதுங்கள்.

இனிமேல் சாவியை எங்கே வைப்பது?

வாசல் பக்கத்து ஆணியில் தொங்கவிடுவதை நிறுத்துங்கள். ஜன்னல் வழியாக ஒரு கம்பியை விட்டே எடுத்துவிடலாம். அதற்காகத் தலையணைக்கடியில் வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை, அது திருடனைப் படுக்கையறைக்கே அழைப்பது. 2024-இல் டொராண்டோவில் ஒரு போலீஸ் அதிகாரி, திருடன் தாக்காமல் போகட்டும், சாவியை வாசலிலேயே வையுங்கள் என்று சொல்லிப் பெரிய விவாதமானது. அவருடைய கவலை நியாயமானது. ஆனாலும் நான் நடுவழியைத்தான் சொல்வேன்: படுக்கையறைக்கு வெளியே, ஜன்னலிலிருந்தும் வாசலிலிருந்தும் கண்ணில் படாத ஒரு இழுப்பறை. வீட்டுச் சாவியும் கார் சாவியும் தனித்தனி வளையத்தில். மாற்றுச் சாவி வேறு அறையில்.

சிக்னலைத் தடுக்கும் உலோக உறை வாங்கலாம். ஆனால் வெளியே நின்று சாவியின் சிக்னலை வாங்கிப் பெருக்கும் திருட்டைத்தான் அது தடுக்கும், உள்ளே வந்து சாவியையே எடுப்பவனை ஒன்றும் செய்யாது. அவனுக்கு எதிராக உருப்படியாக வேலை செய்வது, சாவி இருந்தாலும் ரகசிய எண் அழுத்தினால்தான் வண்டி ஓடும் என்ற ஏற்பாடு. டெஸ்லா போன்ற சில கார்களில் அமைப்பிலேயே இருக்கிறது, பழைய கார்களுக்குத் தனியாகப் பொருத்திக் கொடுக்கிறார்கள். அந்தச் செலவு முடியாது என்றால் ஸ்டீயரிங் பூட்டு வாங்குங்கள், அதன் சாவியைக் கார் சாவியோடு மட்டும் சேர்த்து வைக்காதீர்கள்.