மறுநாளும் நினைவிருந்தால் போதுமா? பழ ஈ ஆய்வில் நான் செய்த தவறும் மற்றவையும்

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒரு வரைபடத்தை நீட்டினாள். மின்னதிர்ச்சியோடு சேர்த்துப் பழக்கிய வாடையை, 24 மணி நேரம் கழித்தும் பழ ஈக்கள் ஒதுக்கியிருந்தன. "சார், லாங் டெர்ம் மெமரி வந்துடுச்சு!" நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் குதித்தேன். குழாயை மூட மறப்பது, ஈயைப் பறக்கவிடுவது எல்லாம் பழகப் பழகத் தானே போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

24 மணி நேரத்தை நம்புவது

ஒரு நிமிடம் ஒரு வாடை, கூடவே 12 அதிர்ச்சி. அப்புறம் அதிர்ச்சியில்லாமல் இன்னொரு வாடை. இது ஒரு சுற்று. பத்துச் சுற்றுகளை 15 நிமிட இடைவெளி விட்டுக் கொடுத்தால் ஸ்பேஸ்டு பயிற்சி. மூச்சுவிடாமல் கொடுத்தால் மாஸ்டு. இரண்டிலும் மறுநாள் நினைவு இருக்கும். சிக்கலே அங்கேதான். புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் சைக்ளோஹெக்ஸிமைடைக் கொடுத்தால் ஸ்பேஸ்டு நினைவு குறைகிறது, மாஸ்டு நினைவு அசையவில்லை என்று 1994-இல் பழ ஈயின் நினைவை ஆராய்ந்த டிம் டல்லி குழு காட்டியது. மரபணுக்களை இயக்கிவைக்கும் கிரெப் என்ற புரதத்தை அடக்கிப் பார்த்தபோதும் அதே ஆண்டில் இதே பிரிவினைதான் தெரிந்தது. புதிய புரதம் தேவைப்படுகிற நினைவைத்தான் நாம் நீண்டகால நினைவு என்கிறோம். மறுநாள் மிஞ்சுவதெல்லாம் அது இல்லை.

என்னிடம் ஒரு திரிபு ஈ, அதாவது மரபணு மாறிய ஈ, இருந்தது. ஸ்பேஸ்டு பயிற்சி கொடுத்தால் மறுநாள் நினைவு பாதிதான். மாஸ்டு பக்கமே போகாமல் மரபணுவைத் தேடி எட்டு மாதம் அலைந்தேன். ஒரு கருத்தரங்கில் பெரியவர் ஒருவர் என் சுவரொட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாஸ்டு எங்கே தம்பி?" என்றார். திரும்பி வந்து செய்தேன். அதிலும் அதே அளவு சரிவு. என் ஈயில் பழுதானது, புரத உற்பத்தியைச் சாராத, குளிரவைத்து மயக்கினாலும் அழியாத வேறொரு நினைவு. ராடிஷ் என்ற பெயருள்ள திரிபு ஈயில் ஏற்கனவே தெரிந்த கதை! அரை மணி நேரப் பயிற்சியைச் சோம்பலில் விட்டதற்கு எட்டு மாதம். இன்றும் மாஸ்டு இல்லாத வரைபடத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கைக்கு வந்த ஈயை அப்படியே நம்புவது

ஊக்கும் வகைக் கிரெப்பைக் கூட்டினால் ஒரே சுற்றில் நீண்டகால நினைவு வரும் என்று 1995-இல் பெரிய பரபரப்பு. 2004-இல் வேறொரு குழு அந்த ஈக்குள் செருகியிருந்த மரபணுவைப் படித்துப் பார்த்தால், உள்ளே ஒரு பிழை. புரதம் முழுதாக உருவாகவே வழியில்லை. யார் கொடுத்த ஈயானாலும் டிஎன்ஏவைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே வாடையோடு நிறுத்துவது

ஈக்கும் பிடித்த வாடை, பிடிக்காத வாடை உண்டு. அதிர்ச்சியோடு சேர்க்கும் வாடையை மாற்றிப்போட்டு இன்னொரு முறை செய்து சராசரி எடுங்கள்.

மருந்து கொடுத்த ஈ

அது சரியாக நடமாடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

விளக்கு

சோதனையின்போது மங்கிய சிவப்பு விளக்குதான் வேண்டும். வெள்ளை விளக்கைப் போட்டால் ஈ வெளிச்சத்துக்குத்தான் ஓடும்.