உகாண்டா மூலிகை வைத்தியர்களிடம் தொண்டுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உகாண்டாவின் புகண்டா பகுதிக் கிராமங்களில் வைத்தியரை 'முசாவோ' என்பார்கள். அவர்களோடு சில வாரங்கள் தங்கி, செடி வளர்க்க, மருந்து உலர்த்த, குறிப்பெடுக்க உதவும் ஆசை, சித்த மருத்துவமோ தாவரவியலோ படித்தவர்களுக்குச் சட்டென்று வரும். நல்ல ஆசைதான். ஆனால் அங்கே போய்ச் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது நோட்டுப் புத்தகத்தில்தான் நடக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

வந்திறங்கிய அன்றே நோட்டும் போனுமாக உட்கார்ந்து, "இது எந்த நோய்க்கு? எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்குவார்கள். வைத்தியருக்கு அந்த அறிவு பரம்பரைச் சொத்து, பிழைப்பும் அதுதான். நம் மஞ்சளுக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்ததும், இந்தியா வாதாடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்ததும் நமக்குத் தெரியும். அதே பயம் அவர்களுக்கும் நியாயமாகவே உண்டு. சட்டமும் அவர்கள் பக்கம். ஆராய்ச்சிக்காகத் தகவல் சேகரிப்பதென்றால் உகாண்டா தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். மாதிரிகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால், 2014-ல் நடைமுறைக்கு வந்த நகோயா ஒப்பந்தத்தின்படி முன்கூட்டிய சம்மதமும் பலனைப் பகிரும் உடன்பாடும் தேவை. தொண்டராக வந்திருக்கிறோம் என்பது இதற்கெல்லாம் பதிலாகாது.

முதல் வாரம் எழுதவே வேண்டாம். தண்ணீர் சுமக்கலாம், இலை ஆயலாம், நாற்றுக்கு மண் நிரப்பலாம். பிறகு அவர் சம்மதித்தால் இரண்டு பிரதிகளாக எழுதி ஒன்றை அவரிடமே விட வேண்டும். அரிய மரங்களின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். போன் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைக்காவிட்டால் மரம் நிற்கும் இடமும் படத்தோடு சேர்ந்தே போய்விடும்.

உள்ளூர்ப் பெயரை மட்டும் எழுதுவது அடுத்த தவறு. ஒரே பெயரை இரண்டு மூன்று செடிகளுக்குச் சொல்வார்கள். அதனால் அனுமதியோடு, பூவோ காயோ உள்ள ஒரு கிளை நுனியைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து அழுத்த வேண்டும். முதல் சில நாட்கள் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். எண், தேதி, இடம், செடியின் உயரம், பயன்படும் பாகம் எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். வெறும் இலையை வைத்துக்கொண்டு கம்பாலாவில் உள்ள மக்கெரேரே பல்கலைக்கழகத்தின் உலர்தாவரச் சேகரிப்புக்குப் போனால், பல சமயம் அவர்களாலும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது.

'எமும்ப்வா' என்று ஒன்று உண்டு. பொடித்த மூலிகைகளைக் களிமண்ணோடு பிசைந்து, குச்சி குச்சியாக உருட்டிக் காயவைத்தது. சொரசொரப்பான கல்லில் தண்ணீர் விட்டு உரைத்துக் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பார்கள். வசம்பும் ஜாதிக்காயும் உரைத்து வளர்ந்த நமக்கு அது நம் வீட்டு உரைமருந்து போலவே தெரியும். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு குச்சிக்குள் எத்தனை செடி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. செய்கிறவருக்குச் செய்கிறவர் சரக்கு மாறும். மண்ணில் ஈயம் கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. எனவே 'எமும்ப்வா, கர்ப்பிணிக்கு நல்லது' என்று எழுதிவைப்பது பதிவே ஆகாது. ருசி பார்ப்பதும் வேண்டாம்.

தெரிந்த செடி என்ற தைரியமும் ஆபத்து. நம் குன்றிமணி அங்கே 'லுசீட்டி'. அதன் இனிப்பான இலையை இருமலுக்கு மெல்லுவார்கள். விதையோ கடும் நஞ்சு. சித்தத்தில் விதையின் நஞ்சை நீக்கும் சுத்தி முறை இருக்கிறதே என்று அங்கே பாடம் எடுக்காதீர்கள். கருவியும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் பாதி கேட்ட செய்முறை உயிரை எடுத்துவிடும்.

பட்டை எடுக்க உதவும்போது மரத்தைச் சுற்றி வளையமாக உரிக்கவே கூடாது. இலையில் உண்டாகும் உணவு பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வளையம் விழுந்தால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகும். புரோஸ்டேட் வீக்கத்துக்கான மருந்துக்காக அளவில்லாமல் உரிக்கப்பட்ட ஆப்பிரிக்கச் செர்ரி மரம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் முறை இது: 30 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள மரத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் சுற்றளவில் கால்பங்கு, கால்பங்காக மட்டும் உரிப்பது. உள்ளே வழவழப்பாகத் தெரியும் வளர்படலத்தைக் கத்தி தொடக்கூடாது. பட்டை மூடி வளரும்வரை சில ஆண்டுகள் அந்த மரத்தை விட்டுவிட வேண்டும். இலையாலேயே ஆகும் மருந்தென்றால் பட்டைக்குப் போகவே வேண்டாம்.

சிகிச்சையில் கை வைக்காதீர்கள். பிரசவ வலியைத் தூண்டும் மூலிகை கொடுக்கும்போது உடன் நின்று உதவுவது தொண்டாகாது. அளவு மிஞ்சினால் கருப்பை கிழியலாம். தோலைக் கீறிப் பொடி தேய்க்கும் வழக்கமும் உண்டு. அனுபவத்துக்காக அதைச் செய்துகொள்ள வேண்டாம். ஒருவருக்குத் தொட்ட பிளேடு அடுத்தவருக்குப் போனால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி இரண்டும் வரலாம். புதிய பிளேடு பெட்டி வாங்கிக் கொடுத்தால் அது நல்ல உதவி.

உங்களுக்கே காய்ச்சல் வந்தால் 'முலுலூசா'க் கசப்பிலைக் கஷாயத்தைக் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அங்கே பரவலாக இருப்பது மூளைவரை போகும் ஃபால்சிபேரம் மலேரியா. 24 மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். தடுப்பு மாத்திரையைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கி, திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்துகிறவர்கள் பலர்.

பயண வேலைகளில் இரண்டு மட்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்று இல்லாமல் உகாண்டாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள்வரை தனிமையில் வைப்பார்கள். இன்னொன்று, சுற்றுலா விசாவில் தொண்டு வேலை செய்யக்கூடாது. உரிய அனுமதியை அழைக்கும் அமைப்பு வாங்கித் தர வேண்டும். அந்த அமைப்பு உங்களிடம் வாங்கும் கட்டணத்தில் வைத்தியருக்கு எவ்வளவு போகிறது என்றும் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் இருக்கும் நாளெல்லாம் அவர் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் குறைகிறது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அந்தப் பகுதி மொழியான லுகாண்டா தெரிந்த ஒருவரை வைத்து நோட்டு முழுவதையும் வைத்தியருக்கு வாசித்துக் காட்டுங்கள். தவறு என்றால் திருத்துவார். அடித்துவிடு என்று சொல்லும் வரியை அவர் கண்முன்னே இரண்டு பிரதியிலும் அடித்துவிடுங்கள்.