ஒரே கணினியில் இரண்டு மானிட்டர் அமைப்பது எப்படி?

ஒரு பக்கம் பார்த்து இன்னொரு பக்கம் எழுதும் வேலை எதுவாக இருந்தாலும் இரண்டாவது மானிட்டர் உடனே கைகொடுக்கும். மொழிபெயர்ப்பு, கணக்கு, கோடிங், வீடியோ பார்த்துப் படிப்பது என்று எதற்கும் ஆல்ட்-டேப் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இதற்குப் புதுக் கணினி தேவையில்லை. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் இதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது. கேபிள் மாட்டுவது சில நிமிட வேலைதான். ஆனால் இரண்டு திரைகளும் ஒரே திரைபோல உறுத்தாமல் இயங்குவது, அதற்குப் பிறகு செட்டிங்ஸில் நீங்கள் செலவிடும் கொஞ்ச நேரத்தைப் பொறுத்தது. பலரும் அதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

1. சிபியூ பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். யூ.எஸ்.பி., நெட்வொர்க், ஆடியோ இணைப்புகள் எல்லாம் நெருக்கமாக இருக்கும் பகுதி, கணினியின் முக்கியப் பலகையான மதர்போர்டைச் சேர்ந்தது. அங்கேயே ஓர் எச்.டி.எம்.ஐ. போர்ட்டோ வி.ஜி.ஏ. போர்ட்டோ இருக்கலாம். அதிலிருந்து விலகி, தனியாக ஓர் உலோகப் பட்டையில் மூன்று நான்கு போர்ட்டுகள் வரிசையாக இருந்தால் அது கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்கான படத்தை உருவாக்கும் தனிப் பலகை. புதுக் கார்டுகளில் போர்ட்டுகளின் மேல் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றினால்தான் உள்ளே போர்ட் இருப்பதே தெரியும்.

கார்டு இருந்தால் இரண்டு மானிட்டரையும் கார்டிலேயே மாட்டுங்கள். ஒன்றைக் கார்டிலும் இன்னொன்றை மதர்போர்டிலும் மாட்டிவிட்டு, ஏன் ஒன்று மட்டும் வரவில்லை என்று தேடுவதுதான் புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம். கார்டு இருப்பது தெரிந்ததும் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்த வீடியோ போர்ட்டுகளை அணைத்துவிடும். பயாஸில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) போய் அதைத் திரும்ப இயக்கலாம். ஆனால் சில ப்ராசசர்களில் அதற்கும் வழியில்லை. இன்டெல் ப்ராசசரின் பெயர் 12400எஃப் என்பதுபோல எஃப் எழுத்தில் முடிந்தால், உள்ளே கிராபிக்ஸ் பகுதியே செயல்படாது. அந்தக் கணினியில் மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. போர்ட் கண்ணுக்குத் தெரியும், படம் வராது.

கார்டே இல்லையென்றால், மதர்போர்டில் இரண்டு வீடியோ போர்ட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று வி.ஜி.ஏ., இன்னொன்று எச்.டி.எம்.ஐ. என்றாலும் பரவாயில்லை. இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

2. சரியான கேபிளை வாங்குங்கள்

வி.ஜி.ஏ. பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும், பக்கத்துக்கு ஒரு திருகு உண்டு. எச்.டி.எம்.ஐ. கீழ்ப்பக்கம் குறுகலாக இருக்கும். டிஸ்ப்ளே போர்ட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கும். பல டிஸ்ப்ளே போர்ட் கேபிள்களில் ஒரு பூட்டும் உண்டு. கழற்றும்போது முனையில் இருக்கும் சின்ன பட்டனை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் போர்ட் சேதமாகலாம்.

கணினியில் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. என்றால் பொதுவாகச் சாதாரண மாற்றுக் கேபிளே போதும். இதைத் திருப்பிப்போட்டால் வேலை செய்யாது. கணினியில் எச்.டி.எம்.ஐ., மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட் என்றால் சிக்னலை மாற்றித் தரும் சிப் உள்ள தனி கன்வெர்ட்டர் வேண்டும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்குப் போகும்போதும் அப்படியே. ஆகவே வாங்கும்போது எந்த முனை கணினிக்கு, எந்த முனை மானிட்டருக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

"ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. போர்ட்தான் இருக்கிறது, ஸ்ப்ளிட்டர் போட்டுக்கொள்ளலாமா?" என்ற கேள்வி அடிக்கடி வரும். வேண்டாம். ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தை இரண்டு மானிட்டரிலும் காட்டும், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது தனித்தனிப் படம். யூ.எஸ்.பி. போர்ட்டில் மாட்டி எச்.டி.எம்.ஐ. எடுக்கும் அடாப்டர்கள் உண்டு. அதற்கான டிரைவர் மென்பொருளை நிறுவினால் எழுத்து, எக்செல் வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். கேம் விளையாடுவதற்கு அவற்றை நம்பாதீர்கள்.

3. மாட்டி, ஆன் செய்யுங்கள்

கணினியை அணைத்துவிட்டு இரண்டு கேபிள்களையும் மாட்டுங்கள். மானிட்டர்களை ஆன் செய்து, பிறகு கணினியை ஆன் செய்யுங்கள். ஒரு திரையில் மட்டும் 'நோ சிக்னல்' என்று வந்தால் பதற வேண்டாம். அந்த மானிட்டரின் பட்டனை அழுத்தி, இன்புட் அல்லது சோர்ஸ் என்ற இடத்தில் நீங்கள் மாட்டிய போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

4. விண்டோஸ் கீயும் பி-யும்

இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும். டூப்ளிகேட் என்றால் இரண்டிலும் ஒரே படம். எக்ஸ்டெண்ட் என்றால் இரண்டும் சேர்ந்து ஒரு நீளமான திரை. எக்ஸ்டெண்டைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பக்கத்துக்குப் போய் ஜாயின் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

5. பெட்டிகளை வரிசைப்படுத்துங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால், 1, 2 என்று எண்ணிட்ட இரண்டு பெட்டிகள் தெரியும். ஐடென்டிஃபை பட்டனை அழுத்தினால் எந்த மானிட்டர் எந்த எண் என்று திரையிலேயே பெரிதாக வரும். மேசையில் இரண்டாவது மானிட்டர் இடப்பக்கம் இருக்கிறது, ஆனால் செட்டிங்ஸில் வலப்பக்கம் இருக்கிறது என்றால், மவுஸை இடப்பக்கம் தள்ளும்போது ஓரத்தில் முட்டி நிற்கும். பெட்டியை இழுத்து இடப்பக்கம் போட்டு, அப்ளை கொடுங்கள்.

அப்புறம் உயரம். விண்டோஸுக்கு உங்கள் மானிட்டர் எத்தனை அங்குலம் என்பது முக்கியமில்லை. பெட்டிகளை அது பிக்சல் கணக்கில் வரைகிறது. ஒரு மானிட்டர் 1920×1080, இன்னொன்று 2560×1440 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரமாகத் தெரியலாம். ஆனால் கணக்கில் இரண்டாவது 360 பிக்சல் உயரம் அதிகம். இரண்டின் மேல் ஓரங்களும் ஒட்டியிருந்தால், பெரிய திரையின் கீழ்ப்பகுதியில் அந்த 360 பிக்சலுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. அங்கிருந்து மவுஸை நகர்த்தினால் சுவரில் மோதியதுபோல நிற்கும்.

சரிசெய்ய ஒரு வழி: மவுஸை ஒரு திரையின் நடு உயரத்தில் வைத்து, மெதுவாக அடுத்த திரைக்குக் கொண்டுபோங்கள். எந்த உயரத்தில் நுழைகிறது என்று பாருங்கள். மேலே தாவினாலோ கீழே இறங்கினாலோ, பெட்டியைக் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்தி அப்ளை கொடுத்து மறுபடி பாருங்கள். நேர்க்கோட்டில் கடந்துபோகும் வரை இதைச் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில், மவுஸ் இப்படி முட்டி நிற்காமல் தாண்டிப்போகும் வசதியும் இருக்கிறது. அதையும் டிக் செய்துகொள்ளுங்கள்.

6. மெயின் திரை, அளவு, ரெஃப்ரெஷ் ரேட்

நேராகப் பார்க்கும் மானிட்டரின் பெட்டியைக் கிளிக் செய்து, கீழே மெயின் டிஸ்ப்ளே என்பதை டிக் செய்யுங்கள். ஸ்டார்ட் மெனு, டெஸ்க்டாப் ஐகான்கள் எல்லாம் அங்கே வரும். ஒரு திரையில் எழுத்து பொடியாகத் தெரிந்தால், அதன் ஸ்கேலை மட்டும் 125 சதவீதமாக மாற்றலாம். ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், எழுத்து மங்கிவிடும்.

ரெஃப்ரெஷ் ரேட் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது; அதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தால், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தை ஒருமுறை கட்டாயம் பாருங்கள். பல நேரங்களில் அது 60-இலேயே நின்றுகொண்டிருக்கும்; கையால் மாற்றினால்தான் உண்டு. 4கே மானிட்டரில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் தேர்வே வரவில்லை என்றால், கணினியிலோ மானிட்டரிலோ உள்ள போர்ட் பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 வகையாக இருக்கலாம். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேண்டும்.

ஒரு விண்டோவை அடுத்த திரைக்கு மாற்ற, விண்டோஸ், ஷிஃப்ட் கீகளோடு இட அல்லது வல அம்புக்குறியை அழுத்துங்கள். இரண்டே நாளில் கை பழகிவிடும், மவுஸால் இழுப்பதையே மறந்துவிடுவீர்கள்.

7. மேசையில் எப்படி வைப்பது?

ஒன்றைத்தான் அதிகம் பார்ப்பீர்கள் என்றால் அதை நேர் எதிரே வையுங்கள். இரண்டாவதைப் பக்கத்தில் ஒட்டி, உங்களை நோக்கிச் சற்றுத் திருப்பி வையுங்கள். இரண்டையும் சமமாகப் பயன்படுத்தினால் மட்டும் இணையும் கோடு நடுவில் வரலாம். நாள் முழுக்கக் கழுத்தை ஒரே பக்கம் திருப்பி உட்கார்ந்தால் வலி நிச்சயம், இதில் அலட்சியம் வேண்டாம். மேல் ஓரம் கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ, தூரம் ஒரு கை நீளம் இருக்கட்டும். ஸ்டாண்டுக்குப் பதிலாக மானிட்டர் ஆர்ம் வாங்குவதாக இருந்தால், மானிட்டரின் முதுகில் நான்கு திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவற்றின் இடைவெளி பெரும்பாலும் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இருக்கும்.

இன்னும் ஒரு திரை வரவில்லையா?

இரண்டு மானிட்டர்களின் கேபிள்களையும் சிபியூ பக்கத்தில் இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். முன்பு வராத மானிட்டரில் இப்போது படம் வந்து, வந்துகொண்டிருந்தது நின்றுபோனால் கோளாறு போர்ட்டில், அல்லது கிராபிக்ஸ் டிரைவரில். வராத மானிட்டர் இப்போதும் வராமலே இருந்தால் கோளாறு அந்தக் கேபிளில் அல்லது மானிட்டரில். அடுத்து கேபிளை மட்டும் மாற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.