பழைய மரத்தில் பள்ளிக் கோழிக்கூடு: 12 கோழிகளுக்கு

பழைய சாமானில் கட்டுகிறவர்கள் முதலில் படம் வரையக் கூடாது. இடித்த வீட்டு நிலை, உடைந்த பெஞ்சு, ரீப்பர், தகரம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, மாணவர்களே நீளமும் கனமும் அளந்து எழுதட்டும். கையில் இருப்பது ஆறடி ரீப்பர் என்றால் கூடும் ஆறடிதான். ஏழடிக்கு வரைந்தால் ஒட்டுப்போட்டே நாள் போய்விடும். ஒட்டுப்போட்ட இடம்தான் முதலில் ஆட்டம் காணும்.

மரத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை பொதபொதவென்று உள்ளே இறங்கினால் உளுத்த மரம், ஒதுக்குங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்; உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இலவசமாகவே கிடைத்தாலும் தொடாதீர்கள்.

இரவில் அடைய ஒரு கோழிக்கு 2 சதுர அடி வேண்டும். 12 கோழிக்கு 6 × 4 அடி. நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அதிகம் இறங்காது. முன்கால் ஆறரை அடி, பின்கால் ஐந்தரை அடி. தரைப்பலகை 2 அடி உயரத்தில். கூட்டின் கால்களை மண்ணில் புதைத்தால் கரையான் ஏறும். கல்லின்மேல் நிறுத்தி, பக்கத்தில் இரும்பு முளை அடித்துக் கட்டுங்கள், காற்றுக்குச் சாயாது.

6 × 4 அடித் தரைச் சட்டத்தை முடுக்குமுன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கவும். இரண்டும் 7 அடி இரண்டரை அங்குலம் வந்தால் மூலைமட்டம் சரி. பித்தாகரஸ் தேற்றத்தை இதைவிட நன்றாகப் பாடம் நடத்த முடியாது. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சாய்வுக்கட்டை அடியுங்கள். அது இல்லாத சட்டம் எத்தனை ஆணி அடித்தாலும் ஆடும்.

தரை ரீப்பர்களுக்கு இடையே அரை அங்குல இடைவெளி விட்டால் எச்சம் கீழே விழுந்துவிடும். பக்கங்களுக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டுமெஷ் (பற்றவைத்த கம்பிவலை) போடுங்கள். இதை மட்டும் புதிதாக வாங்குவதே நல்லது. கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், கீரியை வெளியே நிறுத்தாது. உட்காரும் கட்டை ஒரு கோழிக்கு 8 அங்குலம் வீதம் மொத்தம் 8 அடி. முட்டைப்பெட்டியைவிட அது உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி பெட்டியிலேயே படுத்து முட்டையை அசிங்கப்படுத்தும்.

தகரத்தின் மேட்டில் ஆணி அடிக்கவும். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். பழைய ஆணி ஓட்டைகளைத் தேட, ஒரு மாணவர் பகலில் கூட்டுக்குள் உட்கார்ந்து மேலே பார்த்தால் போதும். ஒவ்வொன்றும் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். எம்-சீல் வைத்து அடைத்து, மறுநாள் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு கோழியை விடுங்கள்.