நலத்திட்டச் செலவையும் வளர்ச்சியையும் ஒப்பிடுவது எப்படி?

முதலில் திட்டத்தின் ஆண்டுச் செலவை நீங்களே கணக்கிடுங்கள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். சுமார் 1.15 கோடிப் பேர் என்றால் ஆண்டுக்கு 13,800 கோடி. பெரிய தொகைதான், ஆனால் கோடிகளைப் பார்த்து மிரள வேண்டாம். மாநிலத்தின் 2023-24 உற்பத்தி மதிப்பான சுமார் 27 லட்சம் கோடியால் வகுத்தால் அரை சதவீதம்தான்.

வகுக்கும்போது நடப்பு விலை மதிப்பையே, அதாவது அந்தந்த ஆண்டு விலையில் கணக்கிட்டதையே எடுங்கள். நிலையான விலை மதிப்பை, அதாவது பழைய ஆண்டொன்றின் விலையில் கணக்கிட்டதை எடுத்தால் விகிதம் ஊதிப்போகும். வளர்ச்சி வேகத்தைப் பார்க்க மட்டும் நிலையான விலை.

செலவைத் தேடும்போது பட்ஜெட்டின் சமூக நலத்துறைப் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். மாநகரப் பேருந்தில் பெண்களுக்கான இலவசப் பயணச் செலவு போக்குவரத்துத் துறையில் இருக்கும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்தது காலம். உதவித்தொகை அந்த மாதமே மளிகைக் கடைக்கு வந்துவிடும். 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவு அப்படியல்ல. சாப்பிட்ட பிள்ளை வேலைக்குப் போகப் பத்துப் பதினைந்து வருடமாகும். ஆகவே ஒரே ஆண்டின் செலவையும் வளர்ச்சியையும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்வது வீண்.

காரணம் தலைகீழாகவும் இருக்கலாம்: வருவாய் பெருகியதால்தான் திட்டம் வந்திருக்கும். வேலையின்மைக் காப்பீடு (வேலை இழந்தவர்களுக்கான உதவித்தொகை) உள்ள நாடுகளில் பொருளாதார மந்தம் வந்தால் செலவு ஏறும், உற்பத்தி இறங்கும். விகிதம் தானாகவே எகிறும். அதை வைத்து ‘நலத்திட்டம் வளர்ச்சியைக் கெடுத்தது’ என்று சொல்லிவிடக் கூடாது.

கடைசியாக, பணம் வரியிலிருந்து வருகிறதா கடனிலிருந்தா என்று அறிய, பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை (வருவாயை மிஞ்சிய அன்றாடச் செலவு) எவ்வளவு என்று பாருங்கள்.